அரைக்கட்டை இறங்கிய ஆர்கன்

என் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. பெட்டி என்பது ஒரு பழைய எலெக்ட்ரிக் ஆர்கன். கறுப்பு வெள்ளைக் கட்டைகள் இரண்டு அடுக்கு, காலுக்குக் கீழே ஒரு வரிசை மிதிகள், உள்ளே மோட்டார், மொத்தம் நூற்றைம்பது கிலோ. அதைத் தூக்குவதற்கென்றே கடவுள் அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்திருக்கிறார். வேனும் என்னுடையது, முதுகும் என்னுடையது.

மூடப்போன ஒரு ஸ்கேட்டிங் அரங்கில் அதை உடைத்துப் போட இருந்தார்கள். சுத்தியலோடு வந்தவர் முன்னால் போய் நின்று, "முதல்ல என்னை இடிங்க" என்றாள் அக்கா. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த ஆள் தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார். வீட்டு முன்னறையில் பெட்டி வந்து உட்கார்ந்ததும் கட்டிலுக்கு இடமில்லாமல் போனது. "பெட்டியா, நானா?" என்று அத்தான் ஒரே ஒரு தடவை கேட்டார். அக்கா யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

பகலில் அவள் தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக். வாரத்தில் ஒரு நாள் மேடையில் வாசிக்கிறாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சூப்பர்வைசர் பேசுவதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள். இது தெரிந்ததால்தான் அன்றைக்கு எனக்கு மாஸ்டர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

மாஸ்டர் எங்கள் பேண்டை நடத்துகிறவர், அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். போன வருஷம் ஒரு லேப்டாப் வாங்கினார். அதிலிருந்து பாதி இசை தானாகவே வரும். அன்றைக்கு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியை மேடையேற்றிவிட்டு நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒல்லியான ஒரு கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இதுலயும் அதே சவுண்டுதாங்க்கா வருது. அடுத்த வாரத்துல இருந்து இத வாசிங்க. பெட்டிதான் வேணும்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"அதே சவுண்டா? காத டாக்டர்கிட்ட காட்டுங்க மாஸ்டர்."

மாலை நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டின்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது இழுத்து இழுத்து ஓடியது. வந்தது வினை. இந்த ஆர்கனின் மோட்டார் கரண்ட் துடிக்கிற வேகத்தில்தான் சுற்றும். ஜெனரேட்டர் சோர்ந்தால் மோட்டாரும் சோரும், சுருதியும் இறங்கும். அக்கா ஸ்விட்சைப் பிடித்து எட்டு வரை எண்ணி மோட்டாரைக் கிளப்பிக் கட்டையில் கை வைத்தாள். சுருதி சரியாக அரைக்கட்டை இறங்கியிருந்தது. லேப்டாப் மட்டும் பழைய சுருதியிலேயே நின்றது. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

மாஸ்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், முகத்திலேயே தெரிந்தது. "பாத்தீங்களா? பெட்டிய நிறுத்துங்க."

"லேப்டாப் சுருதிய இறக்குங்க."

அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியாது.

"அப்ப மூடி வைங்க," என்றாள். கிட்டார்காரர் பக்கம் திரும்பி, "அரைக்கட்டை இறக்குப்பா. இந்தா, சுருதி," என்று ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள். அவர் மாஸ்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு கம்பியைத் தளர்த்த ஆரம்பித்தார். பேஸ்காரரும் தளர்த்தினார். டிரம்ஸ்காரருக்கு எந்தச் சுருதியானாலும் ஒன்றுதான்.

பாட்டுக்காரருக்கு அறுபது வயது நெருங்குகிறது. அடுத்த பாட்டின் உச்சி வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுச் சமாளிப்பார். சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி மாஸ்டரிடம் ஒரு வருஷமாகக் கெஞ்சி அலுத்துவிட்டார். அன்றைக்கு அந்த உச்சி வந்தது. மைக்கை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார், பிடித்த இடத்திலேயே நின்றார். கூட்டம் எழுந்துவிட்டது. அக்கா இரண்டு கைகளாலும் அவர் குரலுக்கு அடியில் இசையை நிரப்பிக்கொண்டு போனாள்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்து எலெக்ட்ரீஷியன் மேடையோரம் வந்தார். "கரண்ட் வந்துடுச்சு சார். மாத்திடட்டா?"

மாற்றினால் பாட்டு நடுவில் ஆர்கனின் சுருதி ஒரே தாவலாகத் தாவி மேலே போய்விடும். மாஸ்டர் முகம் வெளிறியது. பாய்ந்து போய் அந்த ஆளின் கையைப் பிடித்தார்.

"யோவ், பாட்டு முடியற வரைக்கும் ஸ்விட்சுல கை வெச்சே, நடக்கறதே வேற!"

நிகழ்ச்சி முடிந்து சாமான் கட்டும்போது அக்கா அவரிடம் போனாள். "அடுத்த வாரம் பெட்டியோடதான் வர்றேன் மாஸ்டர். கேக்கல, சொல்றேன்."

மாஸ்டர் லேப்டாப் வயரைச் சுற்றிக் கட்டினார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

"அடுத்த வாரம் வேன் எத்தனை மணிக்கு வரும்?"