பொறுமைசாலி என்று சொல்லிவிடாதே

இறையியல் கல்லூரியில் மாணவர்கள் டீச்சருக்கு வைத்த பெயர் ‘சிவப்பு மை’. அவருக்கு அது தெரியும், கண்டுகொண்டதில்லை. போதகராகப் போகிற பையன் முதல் பிரசங்கத்தை எழுதிக் கொண்டுவந்தால், அது திரும்பிப் போகும்போது ரத்தக்களறியாகத்தான் போகும். அதிலும் ‘பொறுமை’ என்ற சொல் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் போதும், தாள் கிழிகிற அளவுக்குப் பேனா அழுத்தும்.

வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பவளைப் பொறுமைசாலி என்று புகழ்வது அவள் வாயை இன்னொரு தடவை மூடுவது. அதைக் கடவுள் பெயரால் செய்தால் கடவுளுக்கும் அவமானம். அவருடைய தத்துவம் இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இரண்டு புத்தகங்கள். முதல் புத்தகத்தைக் கல்லூரி நூலகத்தில் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டிய புண்ணியத்தில் நாலு பேர் தேடிப் படித்தார்கள். இரண்டாவதைப் பூட்டவில்லை, அதை ஒருவரும் தொடவில்லை.

தத்துவமும் இறையியலும் படித்து, வகுப்புக்கு ஒரே பெண்ணாக உட்கார்ந்து எழுந்தவருக்கு, ஆண்கள் வேண்டாம் என்று தள்ளிய பாடம்தான் வேலையாகக் கிடைத்தது. பிரசங்கம் எழுதக் கற்றுக்கொடுப்பது. ஆக, ஊரில் பாதி மேடைகளில் ஒலித்தது அவர் திருத்திய பேச்சு. அவர் மட்டும் மேடை ஏறியதில்லை. பெண்கள் கீழே இருக்கும் சின்ன ஸ்டாண்டில் நின்று அறிவிப்பு வாசிக்கலாம், நன்றி சொல்லலாம். படியேறி மேலே போய்ப் பிரசங்கம் செய்யக் கூடாது. கேட்டபோதெல்லாம் சபைக் கமிட்டிக்காரர்கள் மரியாதையாகவே பதில் சொன்னார்கள்: இப்போது வேண்டாம். கேட்டுக் கேட்டு டீச்சருக்குக் கேட்கிற ஆசையே விட்டுப்போயிற்று. ஓய்வு பெற்றபோது கையில் மிஞ்சியது முழங்கால் வலியும் தடித்த கண்ணாடியும்தான்.

டீச்சரின் அக்கா வேறு ரகம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவள். தங்கையின் புத்தகத்தை நாலு பக்கம் புரட்டிவிட்டு, தூக்கம் வராத நாளுக்கு ஆகும் என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கை நீட்டிய கணவனின் துணிமணிகளை ஒருநாள் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள். அப்போதிருந்த போதகர் வீடு தேடி வந்து, பொறுமையாக இரும்மா என்று புத்தி சொன்னார். அவருடைய குடையையும் எடுத்து அந்த மூட்டை மேலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்படிப்பட்டவள் நோயில் விழுந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த தங்கையின் கையைப் பிடித்தாள்.

“நான் செத்தா சர்ச்சுல என்னைப் பத்திப் பேசுவானுங்க இல்ல? பொறுமைசாலின்னு எவனாவது சொன்னான்னா எழுந்து உக்காந்துருவேன். நீ பேசுடி. மேல ஏறிப் பேசு. நான் முன்னாடி இருந்து கேக்கணும்.”

“செத்தப்புறம் எப்படிக்கா கேப்ப?”

“முன்னாடிதானே வைப்பாங்க.”

இருவரும் சிரித்தார்கள். டீச்சர் சரி என்று வாக்குக் கொடுத்தார்.

அக்கா போன காலையில் டீச்சர் நேராகச் சபை அலுவலகத்துக்குப் போனார். கமிட்டிச் செயலாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், வருத்தம் சொன்னார். இப்போது வேண்டாமே, துக்க நேரத்தில் எதற்குப் பிரச்சினை, கீழே ஸ்டாண்டில் நின்று இரண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கள் என்றார். இதற்கான பதில்கள் இரண்டு புத்தகம் நிறைய இருந்தன. ஒன்றையும் எடுக்காமல் எழுந்து வெளியே வந்தார். அவ்வளவு அசதி.

தாழ்வாரத்தில் போதகர் பின்னாலேயே வந்தார். டீச்சரின் பழைய மாணவர். நல்ல மனிதர், பயந்த சுபாவம். சபைக்குப் புதிதாக வந்தவர் என்பதால் அக்காவை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. டீச்சரே எழுதிக் கொடுத்தால் அப்படியே படித்துவிடுவதாகச் சொன்னார்.

“ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன் டீச்சர்.”

வாக்கு பாதிதான் நிறைவேறும், பொய்யாவது சொல்லாமல் இருப்பார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அக்காவின் காலியான கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். அடுத்தவர் பிரசங்கத்தையே திருத்திக்கொண்டிருந்த கை, முதல்முறையாகத் தனக்கென ஒரு பிரசங்கம் எழுதியது. எழுதி முடித்ததும் திரும்பிப் படிக்காமல் மடித்துக் கொடுத்துவிட்டார்.

மேடை ஏறுவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படி என்பதுதான் அவர் நடத்திய முதல் பாடம். அடக்க வேலையின் அலைச்சலில் போதகரும் படித்துப் பார்க்கவில்லை. மேலே போய், அரை வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கம்பீரமான குரலில் ஆரம்பித்தார்.

“அன்பானவர்களே, என் அக்கா எனக்குத் தலை பின்னிவிடும்போது...”

பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். போதகர் நின்றார். டீச்சருக்குக் காதெல்லாம் சூடேறியது. பிரசங்கத்தில் ‘நான்’ வந்தாலே அடித்துவிடுகிறவர், தாள் முழுவதும் நானும் என் அக்காவுமாக எழுதி வைத்திருந்தார். முன் வரிசையிலிருந்து செயலாளர் மாற்றிப் படிக்கும்படி கையால் ஜாடை காட்டினார். போதகர் தாளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். பிறகு தாளை மேலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

“மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன் டீச்சர். இதை நான் படிக்க முடியாது. நீங்க போங்க.”

இத்தனை வருஷம் ஏங்கியது இப்படி ஒரு கவனப்பிசகிலா வர வேண்டும்? டீச்சருக்குச் சந்தோஷமே வரவில்லை. இப்போது வேண்டாம் என்று அவருக்கே சொல்லத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் மேடைக்கு நேர் கீழே, திறந்த பெட்டியில், அக்கா சொன்ன இடத்திலேயே இருந்தாள்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். முழங்கால் உயிரை வாங்கியது. செயலாளர் பாதி எழுந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மேலே போனதும்தான் கண்ணாடி கீழே பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. தாளில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. உயரமாக நின்ற மைக்கை வளைத்து வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார்.

“எங்க அக்கா பொறுமைசாலி” என்றார்.

சபை தலையை ஆட்டியது. டீச்சர் கீழே பெட்டியைப் பார்த்தபடி காத்திருந்தார். அக்கா எழுந்து உட்காரவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

“பொய்” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இப்ப நிஜத்தைச் சொல்றேன்.”