நடு வயலில் சைக்கிள்

மாடம்பாக்கத்தில் கன்னியம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. புருஷன் செத்த மறுமாதமே பங்காளிகள் நிலத்தைப் பிடுங்க வந்தபோது, களைக்கொட்டோடு வரப்பில் நின்று விரட்டியவள். ராட்சசி என்று ஊர் பேசும். அதுவும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் பேசும்.

அறுபத்தெட்டாம் வருஷ ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழையில், நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மழையில் செத்த பயிருக்கு மறுநடவு செய்ய விதைநெல் தருவதாக யூனியன் ஆபீசில் சொன்னார்கள். பூச்சி தின்றதற்குக் கிடையாது; மருந்து அடிக்காதது உன் தப்பு என்று கைகழுவி விடுவார்கள். கன்னியம்மாவிடம் வேறு விதை ஒரு படிகூட இல்லை. யூனியன் விதை வராவிட்டால் அந்த வருஷம் நிலம் தரிசுதான்.

சேதம் பார்க்கத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்தவர் யூனியன் ஆபீஸ் கிராம சேவக் அசரியா. பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்ற மனசு வராமல் வரப்பிலேயே குந்தி, கைக்கு எட்டிய நாலு பயிரை இழுத்துப் பார்த்தார். காய்ந்த நடுக்குருத்து சுலபமாகக் கையோடு வந்தது. அடியில் புழு கடித்த தழும்பு. “குருத்துப்பூச்சி” என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

கன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரப்போரம் மேடு, தண்ணீரே நிற்கவில்லை. அங்கே பூச்சி இருந்ததென்னவோ நிஜம். மூழ்கி அழுகியதெல்லாம் நடு வயலில்.

“இன்னா சார், ஓரத்துல பாத்துட்டு எழுதிக்கினு கீற? நடுவுல எறங்கிப் பாரு.”

“எத்தனை வயல் பார்த்தவன் நான். நீ எனக்குச் சொல்லித் தராதேம்மா.”

அவள் புடவையை வரிந்து கட்டினாள். அவருடைய சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து, வயலின் நட்டநடுவில் படுக்கப் போட்டுவிட்டு வந்தாள்.

“போயி எடுத்துக்கோ.”

கூடியிருந்த குடியானவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அசரியா ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நடுவில் தொட்ட பயிரெல்லாம் கொழகொழவென்று கையோடு வந்தது. வேர் கறுத்து நாறியது. பக்கத்து வயல்களிலும் நடுவில் இறங்கிப் பார்த்தார். அங்கேயும் அதே கதிதான். சேறு வழியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிப் போனார்.

பத்தாம் நாள் பட்டியல் வந்தது. ஊரார் எல்லார் பெயருக்கும் நேரே மழைச்சேதம். கன்னியம்மா பெயருக்கு நேரே மட்டும் பூச்சி.

அவளால் விதை கிடைத்தவர்கள் அவள் வாசல் வழியாகத்தான் மூட்டை சுமந்து போனார்கள். ஒருத்தனும் ஒரு படி கொடுக்கவில்லை. பக்கத்து வயல்காரன் பொன்னுரங்கம் மட்டும் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டே, “சாராண்ட நீ அப்டி பண்ணியிருக்கக் கூடாதுக்கா” என்றான்.

மறு வருஷம் கடனுக்கு விதை வாங்கி நட்டாள்; அந்தப் பயிரையும் மழை கெடுத்தது. அசரியா வந்தார். யாரும் சொல்லாமலே வரப்பில் ஷூவைக் கழற்றினார். கன்னியம்மா குறுக்கே போய் நின்றாள். இந்த வருஷமும் விதை வராது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

“ஷூவ மாட்டிக்கினு போ சார். என் நெலத்துல உன் காலு படக்கூடாது.”