அனஸ்ரேசியா எழுதிய பஸ் பாட்டு

2004 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒஸ்லோத் தமிழ் வானொலி ஒன்றில் நிகழ்ச்சி நடத்தும் துஷ்யா, அதே நகரின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருக்கும் சூசைரட்ணத்தின் வீட்டுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துக்கு ரொக் அன்ட் ரோல் வந்த காலத்தைப் பற்றி நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தாள். 1968இல் சூசைரட்ணம் கிற்றார் வாசித்துப் பாடிய ‘நில்லு நில்லு பஸ்சே’ அப்போது கலியாண வீடுகளிலும் கார்னிவல்களிலும் ஓயாமல் ஒலித்த பாட்டு. ஒஸ்லோப் பிறந்தநாள் விழாக்களில் இன்றும் அதைப் போட்டால், ஐம்பது வயதுக்காரர்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள்.

அவருடைய மனைவி அனஸ்ரேசியா அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். பதினாறு வருடங்களாக முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. குளிர் ஜாக்கெற்றைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தார்.

“அங்கிள், பாட்டிலை பஸ்சுக்குள்ளை இருக்கிற பெட்டை ஆர்?” துஷ்யா சிரித்துக்கொண்டு கேட்டாள். “அந்தப் பெடியன் பஸ்சுக்குப் பின்னாலை ஓடுறானே.”

அந்தக் கேள்விக்குச் சூசைரட்ணம் வழக்கமாக ஒரு கதை வைத்திருந்தார்: சில்லாலை ஊருக்குப் போகும் பஸ்சில் கண்ட, பெயர் தெரியாத ஒருத்தி. அன்றைக்கு அதைச் சொல்ல அலுப்பாக இருந்தது.

“அந்தப் பாட்டு நான் எழுதேல்லைப் பிள்ளை. இவதான் எழுதினவ.”

அனஸ்ரேசியாவுக்கு அப்போது இருபது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அண்ணன் பிலேந்திரன், சூசைரட்ணத்தின் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர். தங்கையின் கொப்பியிலிருந்து பாட்டை எடுத்துவந்தது அவர்தான். இசைத்தட்டில் அவளின் பெயர் வந்தால் தகப்பன் வீட்டுக்குள் விடமாட்டார் என்று சூசைரட்ணத்தின் பெயரைப் போட்டார்கள். மூன்று வருடங்களில் இருவருக்கும் கலியாணம் நடந்தது. பிறகு தகப்பனும் காலமானார். அதன் பின்னும் சூசைரட்ணம் உண்மையைச் சொல்லவில்லை. கைதட்டல் கிடைத்தபோது சொல்ல மனம் வரவில்லை. நாள் போகப்போகக் கூச்சமாகிவிட்டது.

துஷ்யா ஒலிப்பதிவுக் கருவியை அனஸ்ரேசியாவின் பக்கம் திருப்பினாள்.

“அன்ரி, அப்ப அந்தப் பெடியன் ஆர்?”

“பெடியன் ஒருத்தரும் இல்லை. நான் எழுதினது ‘நிக்காதை நிக்காதை பஸ்சே’ எண்டு. விடிய அஞ்சு மணிக்கு எழும்பினால், பின்னேரம் வேலை விட்டு வாற அந்த பஸ்சிலைதான் கொஞ்சம் இருந்து ஆறுவன். இறங்கினால் தண்ணி அள்ள வேணும், சமைக்க வேணும், எல்லாற்றை உடுப்பும் தோய்க்க வேணும். அதுதான், என்ரை தரிப்பிலை நிக்காமல் போ எண்டு கேட்டனான். இவை அதை நில்லு எண்டு மாத்திப்போட்டினம்.”

“மெட்டுக்கு அதுதான் பொருந்திச்சுது,” என்றார் சூசைரட்ணம். “நீர் ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேட்டனீங்களே?”

நாளைக்கு ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் இருக்கும் வானொலி நிலையத்துக்கு வந்து நேரடியாகப் பேச முடியுமா என்று துஷ்யா கேட்டாள்.

“ஏலாது பிள்ளை. நாளைக்கு எனக்கு லீவு, படுக்க வேணும். இப்ப கதைச்சதைப் போடும்.”

மறுநாள் மத்தியானம் நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சூசைரட்ணம் எல்லோரிடமும் “அவ நித்திரை” என்று சொன்னார். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண், அனஸ்ரேசியா முதலில் எழுதிய வரிகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

திங்கட்கிழமை வேலையால் வந்த அனஸ்ரேசியா கண்ணை மூடிக்கொண்டு வரி வரியாகச் சொன்னார், சூசைரட்ணம் எழுதினார். நடுவில் இரண்டு வரிகள் அனஸ்ரேசியாவுக்கு நினைவு வரவில்லை.

“அதை விடுங்கோ. நீங்கள் ஒண்டும் போட்டு நிரப்பவேண்டாம்.”

சூசைரட்ணம் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மேலே அனஸ்ரேசியாவின் முழுப்பெயரை எழுதி, அந்தப் பெண்ணுக்குத் தபாலில் போட்டார்.