பாதியில் நிறுத்திய மாத்திரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மயிலாப்பூரில் வெயில் கொளுத்துகிறது. என் மனைவி வசந்தாவோ இரண்டு போர்வைக்குள் நடுங்குகிறாள்.

"குளிருதுங்க..."

ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினேன்.

இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சிறுநீர் போகும்போது எரிச்சல் மட்டும்தான். டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை. இதற்குப் போய் இரண்டு மணி நேரம் யார் காத்திருப்பது? தெருமுனை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிவந்தேன். இரண்டே நாளில் எரிச்சல் போயிற்று, மாத்திரையை நிறுத்திவிட்டாள். அடுத்த முறை கடைக்காரரே, "அதே மாத்திரைதான சார்? போன வாட்டி நல்லா கேட்டுச்சு இல்ல?" என்றார். தலையாட்டினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை நாள் சாப்பிட்டாங்க?"

"ரெண்டு நாள்... ரெண்டு தடவையும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குச் சிறுநீரை அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள். அதுவரை ஏற்றிய மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். காத்திருக்கச் சோம்பல்பட்டவனுக்கு நல்ல தண்டனை.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு யோசிக்கிறீங்களா?" என்றாள் வசந்தா, கண்ணைத் திறக்காமலே. "நிறுத்தினது நான்தானே."

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை டாக்டர் தன் போனில் ஒரு படம் காட்டினார். வட்டத் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி கிருமிப் படலம். அதன்மேல் மருந்து தோய்த்த குட்டிக் குட்டிக் காகித வில்லைகள். இரண்டே வில்லைகளைச் சுற்றித்தான் கிருமி இல்லாத வளையம். நான் வாங்கிக் கொடுத்த மருந்தைச் சுற்றி? கிருமி நெருக்கமாக, சௌகரியமாக வளர்ந்திருந்தது.

"இது ஈ-கோலை. இவங்க குடல்லேருந்தே வந்திருக்கும் சார்," என்றார். "எல்லார் குடல்லயும் இருக்கு. அங்க இருக்கிற வரைக்கும் நல்லதுதான் — வைட்டமின் கே கூடத் தயார் பண்ணும். சிறுநீர்ப் பாதைக்கு வந்தாதான் வம்பு."

"ரெண்டு நாள்ல சரியாச்சே டாக்டர்?"

"எரிச்சல்தான் சரியாச்சு. ஒரு கிருமின்னா ஒரே ஒரு செல்தான், ஆனா வசதி கிடைச்சா இருபது நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். உங்க மாத்திரையில சாதுவெல்லாம் செத்துப்போச்சு. முரடுங்க மிஞ்சிடுச்சு. இப்ப இருக்கிறதெல்லாம் அதுங்களோட வாரிசு."

மருந்தை மாற்றினார்கள். மறுநாள் காலை நெற்றியைத் தொட்டேன். வியர்த்திருந்தது. "பசிக்குது," என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எவ்வளவு நிம்மதி!

தயிர் சாதம் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா. தயிர்லயும் பாக்டீரியாதான்," என்று சிரித்தார் டாக்டர். நம் உடம்பில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நம்மோடு ஒத்துப்போகிறவைதானாம். சண்டைக்கு வருபவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்!

டாக்டர் சொன்ன ஏழு நாளும் ஊசி போட்டுக்கொண்டாள். ஒன்றைக்கூட விடவில்லை.

நோய் போய்விட்டது என்று நமக்குத் தோன்றினால் போதுமா? கிருமிக்கும் தோன்ற வேண்டாமா!