கால் நீட்டாத யாத்திரை

அறுபதுகளில் தாராவியிலிருந்து காசிக்குப் போன யாத்திரை பஸ்ஸுக்கு நான்தான் பொறுப்பு. உள்ளே படுத்து வர இரண்டடுக்குப் பலகைகள் இருந்தன. டிரைவர் பக்கம் முருகன் படம் மாட்டியிருந்ததால், அங்கே யாரும் கால் நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாளுக்கு முழங்கால் வலி. “தலைய முன்னால வச்சா குமட்டுது அண்ணாச்சி. காலை அங்கிட்டு நீட்டிக்கிடட்டா?”

“சாமிக்கு நேரயா? பாவம்லா, தாயீ!”

தலையை முன்னால் வைத்துப் படுக்கவும் முடியாமல், நான்கு நாளும் காலை மடக்கி உட்கார்ந்தே வந்தார். காசியில் கால் வீங்கிப்போய், அவரால் பஸ்ஸை விட்டு இறங்க முடியவில்லை. சொம்பில் கங்கை நீர் கொண்டுவந்து தலையில் தெளித்தேன்.

“சாமிக்கு ஒண்ணும் ஆவலியே அண்ணாச்சி?” என்று கேட்டார்.

ஊர் திரும்பிய மாதமே இறந்துபோனார். படத்தைக் கழற்றி வேறு பக்கம் மாட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் விளக்கேற்றிக் கும்பிட்டால், மடக்கிய அந்தக் கால்கள்தான் கண் முன்னால் வருகின்றன.