மதகு இல்லாத தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பயந்தவர்கள் யாரும் கிடையாது. பயப்படும் அளவுக்குத் தண்ணீரும் கிடையாது. கீழப்பழுவூர்ப் பக்கம் ஏரியில் தண்ணீர் ஏறினால் மழை பெய்திருக்கும். வாய்க்காலில் வந்தால் யாரோ மதகைத் திறந்திருப்பார்கள். அப்பாவுக்குத் தெரிந்த தண்ணீர்ச் சாத்திரம் அவ்வளவுதான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டிய அவருக்குப் பூமியைத் தோண்டத் தெரியும்.

அதற்காகத்தான் அத்தையின் கணவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோர ஊரில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அலையாத்திக் காடு. அதில் ஒரு பகுதியை அழித்து இறால் குட்டை வெட்டுவது மாமாவின் திட்டம். பள்ளி விடுமுறை என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போனார்.

போன அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அப்பா இடத்தைப் பார்க்கக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். வழியில் யாரோ முன்பே குட்டை வெட்டிக் கைவிட்ட இடம் உப்புப் பூத்துக் கிடந்தது, புல்கூட முளைக்கவில்லை. அதைத் தாண்டி ஒரு கால்வாய், கணுக்கால் அளவுத் தண்ணீர். செருப்பைக் கரையோரம் கழற்றி வைத்துவிட்டு, நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடந்தோம். காட்டுக்குள் போகப் போக வெளிச்சம் குறைந்தது. சேற்றுக்குள் எதுவோ ‘டப்’ என்று வெடித்தது. போய்விடலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பி வந்தபோது செருப்பைக் காணோம். வைத்த கரையையும் காணோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஆனால் கால்வாய் நிறைந்து, காட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

“எவன்டா மதகைத் தொறந்து வுட்டது? ஆளு நிக்கிறோம்டா, அடைங்கடா!” என்று அப்பா கத்தினார்.

மதகும் இல்லை, மதகுக்காரனும் இல்லை. இறங்கிப் பார்த்தார், சேறு முழங்கால்வரை உள்ளே இழுத்தது. எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. என்னைத் தூக்கி ஒரு மரக்கிளையில் உட்காரவைத்து, சேற்றுக்கு மேலே வளைந்து நின்ற அதன் வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது, பிறகு மார்புக்கு. அப்பாவின் உதடு நடுங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா முங்கிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மாமா தோணியோடு வந்து சேர்ந்தார். “மதகு எங்க மச்சான் இருக்கு? இது கடல் தண்ணி, ஏத்தம். தெனம் வரும், தெனம் போவும்,” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை தன் தம்பியான அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கெஞ்சினாள். “வேணாம் தம்பி. அந்தக் காடு இருக்கங்காட்டிதான் புயல் அடிச்சாலும் தண்ணி வாசப்படி ஏறாம நிக்குது.”

“கரைய ஒசத்திப் போட்டுட்டா ஒண்ணும் வராதுக்கா. மனுசன் போற எடமா அது? நாங்க மாட்டுனமே, அந்த மரத்தத்தான் மொதல்ல புடுங்கப் போறேன்.”

பட்ட பயத்துக்கு யார்மேலாவது பழி தீர்க்க வேண்டுமே. சொன்னபடியே செய்தார். எங்களைத் தாங்கிய மரம் பொக்லைனின் ஒரே இழுப்பில் வேரோடு வந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. இனி அந்த இருட்டு என்னைப் பிடிக்காது. கடைசி வரிசையும் சாய்ந்த பிறகு, அத்தை வீட்டு வாசலில் நின்றபடியே கடலைப் பார்த்தேன்.

“அத்தை, கடல் தெரியுது!” என்று குதித்தேன்.

அத்தை உள்ளே போய், தரையில் இருந்த அரிசி டிரம்மைத் தம் பிடித்துத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோமே, வீட்டைக் கழுவிவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.