பன்னிரண்டாவது வயலுக்குத் தண்ணீர்

பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையில் பெற்றார் எவ்வளவு கை வைக்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், நாலில் ஒரு பங்கு என்று சொல்வேன். யாரும் கேட்பதில்லை. போன மாதம் என் மகள் தன் மகனுக்காக ஓர் எரிமலை செய்தாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கணக்கெடுத்தேன். பசைப் போத்தலை மூன்று முறை திறந்ததும் இரண்டு முறை மூடியதும்தான் பேரன் செய்த வேலை. மூன்றாம் முறை மூட மறந்துவிட்டான். அதையும் மகளே மூடினாள். இதை நான் எடுத்துச் சொன்னபோது, "உங்கட வாப்பா உங்களுக்கு ஒண்டும் செஞ்சு தரல்லயா?" என்று திருப்பிக் கேட்டாள். நான் கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் வாப்பா எனக்குச் செய்து தந்தது நாலில் ஒரு பங்கு அல்ல, முழுவதும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஐம்பதுகளின் முற்பகுதி. எங்கள் வகுப்பாசிரியர் காரைதீவிலிருந்து தினமும் சைக்கிளில் எங்கள் ஊரான கல்முனைக்கு வருவார். பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி என்றும், ஆளுக்கொரு பொருள் செய்து வரவேண்டும் என்றும், அதற்கு மூன்று வாரம் இருக்கிறது என்றும் அவர் அறிவித்தார். நிபந்தனை ஒன்றுதான். "உங்கட கையால செய்யோணும். தாய் தகப்பன் செய்து தந்ததெண்டு எனக்குத் தெரிஞ்சா பரிசு இல்லை." வகுப்பில் முப்பத்துநான்கு பேர். முப்பத்துநான்கு பேரும் தலையாட்டினோம்.

நான் எழுதிக் கொடுத்த தலைப்பு 'குளமும் வட்டையும்'. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கள் எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். என் வாப்பா வட்டவிதானை. எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பவர். அவருடைய வட்டையில் அந்த வாய்க்காலை நம்பிப் பன்னிரண்டு வயல்கள் இருந்தன. நாலாவது எங்களுடையது. பன்னிரண்டாவது, அதாவது கடைசி, மாமாவுடையது.

மாமா உம்மாவின் மூத்த சகோதரர். நாங்கள் குடியிருந்த வீட்டைத் தங்கையின் சீதனத்துக்காக அவர்தான் கட்டினார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. அந்த வீட்டைக் கட்டி முடிக்க அவருக்கு ஆறு வருடம் சென்றதாம். அதுவரை அவர் கலியாணம் முடிக்கவில்லை. அப்படிப்பட்ட மாமாவின் வயலுக்கு இரண்டு சிறுபோகமாக, அதாவது இரண்டு கோடை விளைச்சலாக, தண்ணீர் எட்டவில்லை. கதிர் தள்ளும் நேரத்தில் பயிர் வைக்கோலாகிவிடும். மூன்றாவது சிறுபோகமும் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. "மச்சான், என்ட முறைக்கும் தண்ணி வாய்க்கால் பாதியில செத்துப் போகுதே" என்று மாமா சொல்வார். "கடைசி வயலெண்டா அப்பிடித்தான் மச்சான்" என்பார் வாப்பா.

அந்த மூன்று வாரத்தை, அதாவது இருபத்தொரு நாளில் இருபதை, நான் பட்டம் விட்டே கழித்தேன். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் காலம். ஏழு பட்டம் செய்து நாலைப் பறிகொடுத்தேன். கண்காட்சி சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோற்றில் கை வைத்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன்.

"நாளைக்கா? இண்டைக்குத்தானா வாயத் திறக்கிற?" என்றார் உம்மா.

என் ராத்தா, எனக்கு ஐந்து வயது மூத்த அக்கா, "அடி நிச்சயம். கையிலயா கால்லயா எண்டுதான் தெரியா" என்றாள்.

 வாப்பா என்ன தலைப்பு என்று மட்டும் கேட்டார். நான் சொன்னதும் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்த வேகத்தைப் பார்த்து, அடிக்கத்தான் எழும்புகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே பின்வளவுக்குப் போய் ஆட்டுக்கொட்டிலின் கதவைக் கழற்றினார். ஐந்தடிக்கு மூன்றடி பலகை. உள்ளே நின்ற ஆறு ஆடுகளும் அதன் பிறகு எங்கே போயின, யாருடைய முருங்கையைத் தின்றன என்பது வேறு கதை.

எங்கள் ஊர் மண் கடற்கரை மணல். அதில் வரம்பு நிற்காது. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரனைக்கூட மாற்றாமல் வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே வயல்வெளிக்குப் போனார். இரண்டு சாக்குக் களிமண்ணோடு முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். சாரன் களிமண் நிறத்துக்கு வந்திருந்தது. உம்மா அதைப் பார்த்தார். ஆனால் அதற்குள் உம்மாவே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்தார்.

அந்தப் பின்னேரம்போல் ஒன்றை அதற்குப் பிறகு நான் எங்கள் வீட்டில் கண்டதில்லை. வாப்பா முழங்காலில் நின்று குளக்கட்டை எழுப்பினார். பால்மா டின்னின் தகரத்தை வெட்டி, மேலே இழுத்தால் திறக்கும் கதவு ஒன்றைக் குளத்துக்குப் பொருத்தினார். ராத்தா கோரைப்புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி வயல்களில் நட்டாள். நான் எண்ணினேன், ஒரு வயலுக்கு இருபத்தாறு. உம்மா அரிசிமாவில் கொக்கு பிடித்தார். ஐந்து கொக்கு. ஒன்றுக்குக் கழுத்து நீண்டுவிட்டது. "இது கொக்கில்ல உம்மா, ஒட்டகம்" என்று ராத்தா சிரித்தாள். "ஹஜ்ஜுக்குப் போற கொக்கு, உனக்கென்ன?" என்றார் உம்மா. வாப்பாவும் சிரித்தார். வாப்பா சிரித்தால் தோள் குலுங்கும். தோள் குலுங்கியதில் ஆறாவது வரம்பு சரிந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

கச்சான் காற்று களிமண்ணை நிமிடத்துக்கு நிமிடம் உலர்த்தி வெடிக்க வைத்தது. தண்ணீர் தெளிப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கிணற்றுக்கும் பலகைக்கும் நாற்பத்தொரு முறை நடந்தேன். இடையில் ஒரு முறை, நானும் ஒரு வரம்பு கட்டட்டுமா என்று கேட்டேன். "கைய எடு மகன், அளவு பிழைச்சிரும்" என்றார் வாப்பா.

அளவுதான் அவருக்குப் பெரிய பைத்தியம். சும்மா ஒரு வாய்க்கால், சும்மா சில வயல்கள் என்று அவர் செய்யவில்லை. தன் வட்டையையே அச்சொட்டாகச் செய்தார். வாய்க்காலின் ஐந்து வளைவுகள், இரண்டாவது வளைவில் நிற்கும் மருத மரம், ஏழாவது வயலின் மூலை வெட்டு, ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் நுழையும் வாய். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு விரலால் வழித்துப் போட்டுக்கொண்டே போனார். மூன்றாவது வளைவுக்கு வந்தபோது, பப்பாசி இலைத் தண்டில் ஒரு சாண் வெட்டி, வரம்புக்கு அடியால் நாலாவது வயலுக்குள் செலுத்தி, மேலே மண் பூசினார். நாலாவது வயலுக்குத்தான் ஏற்கெனவே ஒரு வாய் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கேட்க நினைத்தேன். அதற்குள் "தண்ணி!" என்றார். ஓடினேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருந்தது. நாலே கால் மணி நேரம். மாமா அன்று வரவில்லை. ஜும்ஆ முடிந்த கையோடு தன் வயலைப் பார்க்கப் போய்விட்டார் என்று உம்மா சொன்னார்.

சனிக்கிழமை பலகையை மாட்டு வண்டியில் ஏற்றி, ஈரச் சாக்கால் போர்த்தி, நான் ஒரு பக்கமும் ராத்தா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். வாப்பா வெளுத்த சேர்ட்டும் தொப்பியுமாகப் பின்னால் நடந்து வந்தார். ஓலைக் காகம், சிரட்டை அகப்பை, தீப்பெட்டி மேசை என்று மற்றவர்களுடைய பொருள்கள் எல்லாம் மேசைகளில் இருந்தன. என்னுடையதை மேசை தாங்காது. மர நிழலில் நாலு கல் வைத்து இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் கண்காட்சி முழுவதும் அந்த மரத்தடிக்கு வந்துவிட்டது.

வந்திருந்த தகப்பன்மாரில் எட்டுப் பேர் எங்கள் வட்டைக்காரர்கள். அவர்களுக்கு வந்த குதூகலத்தைச் சொல்லி முடியாது. "இந்தா பாருங்க, என்ட துண்டு." "அடேய், என்ட மூலை வெட்டக்கூட விடல்லடா பொடியன்." "மருத மரத்துக்குக் கீழ நீ தூங்கிற எடத்தக் காணல்லயே." ஒவ்வொருவரும் தன் வயலைக் கண்டுபிடித்துத் தொட்டுப் பார்த்தார். மாமாவும் வந்தார். பன்னிரண்டாவது வயலின் முன்னால் குந்தி, கோரைப்புல்லைத் தடவிவிட்டு, "என்ட வேளாண்மை இஞ்சயாச்சும் பச்சையா இரிக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசிரியர் ஒரு வாளி தண்ணீரைக் குளத்தில் ஊற்றி, "திற பாப்பம்" என்றார். தகரக் கதவை மேலே இழுத்தேன். தண்ணீர் பாய்ந்தது. முதல் வளைவு, மருத மரம், இரண்டாம் வளைவு. வயல் வயலாக நிரம்ப நிரம்பக் கைதட்டினார்கள். நாங்கள் வயல்களின் வாய்களை மண்ணால் அடைத்து, முறைப்படி ஒவ்வொன்றாகத் திறந்தோம். எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவதில் தண்ணீர் நூலாகிவிட்டது. பன்னிரண்டாவது வயல் நனையவே இல்லை. ஆனால் நாலாவது வயல், வாய் அடைத்திருந்தும், வரம்புக்கு மேலால் வழிந்துகொண்டிருந்தது.

கைதட்டல் நின்றது. மாமா தன் வயலிலிருந்து விரலை எடுத்து, வாய்க்கால் ஓரமாகவே பின்னோக்கி நகர்த்திக்கொண்டு வந்தார். நாலாவது வளைவு, மூன்றாவது வளைவு. அங்கே நிறுத்தி, ஈர மண்ணைக் கிளறினார். பப்பாசித் தண்டு வெளியே வந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மருமகன், இத ஆர் வெச்ச?" என்று மாமா கேட்டார்.

நான் வாப்பாவைத் தேடினேன். அவர் கூட்டத்தின் பின்னால் நின்றார். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டார். ஆசிரியர் என் தலைக்கு மேலே பென்சிலோடு நின்றார். வாப்பா வைத்தார் என்று சொன்னால் பரிசு போய்விடும். என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

"நான்தான்" என்றேன்.

"உண்மையாச் சொல்லு. முழுக்க நீயா செய்த?" என்றார் ஆசிரியர். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? பட்டத்துக்கு வால் ஒட்டவே எனக்கு மூன்று நாள் செல்லும்.

மாமா தண்டிலிருந்த தண்ணீரை உதறினார். பிறகு எழும்பினார். "ஓம் சேர். அவன்தான் செஞ்ச. நேத்து நான் பக்கத்தில நிண்டு பாத்த நான். இந்தத் தண்டும் அவன்ட வெளாட்டுத்தான். சின்னப் பிள்ளைக்கு வாய்க்கால் விசயம் என்ன தெரியும்?"

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமா மறுபடி குந்தி, ஒரு பிடி களிமண்ணை எடுத்து அந்த ஓட்டையைப் பெருவிரலால் அழுத்தி அடைத்தார். "இப்ப ஊத்துங்க சேர்" என்றார்.

இரண்டாவது வாளி. தண்ணீர் மூன்றாவது வளைவைத் தாண்டி, ஐந்தாவதைத் தாண்டி, பதினோராவது வயலின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, கடைசி வயலுக்குள் விழுந்தது. பள்ளிக்கூடமே ஆரவாரம் செய்தது. நான் குதித்த குதியில் ஒரு கொக்கை மிதித்துவிட்டேன். மாமா கை நனையக் கொஞ்ச நேரம் அந்த வயலிலேயே கையை வைத்திருந்தார். பிறகு தண்டை மடியில் செருகிக்கொண்டு, வாப்பா நின்ற பக்கம் திரும்பாமல் போனார்.

முதற் பரிசு ஓலைக் காகத்துக்குக் கிடைத்தது. ஒரு இறக்கை இல்லாத காகம். அதில் எந்தப் பெரியவரின் கையும் படவில்லை என்பது தூரத்திலேயே தெரிந்தது. இரண்டாம் பரிசு எனக்கு: நாலு பென்சில்.

மாமா எனக்காக ஒரு பொய் சொன்னார், அதுவும் ஆசிரியரிடம், என்பதை நினைத்து நான் பூரித்துப் போனேன். என் பரிசின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை என்று எண்ணினேன். அடுத்த நாள் விடிந்ததும் வாப்பா மண்வெட்டியோடு தனியாக வட்டைக்குப் போனார். பலகையில் வெடித்த இடங்களைப் பூச மண் எடுக்கப் போகிறார் என்று நினைத்து, பலகையைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் தொடை வரை சேற்றோடும் வெறும் மண்வெட்டியோடும் திரும்பி வந்தார். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போனார்.

வாப்பா தன் திருட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து அந்தத் தண்டை வைக்கவில்லை. வட்டையில் மூன்றாவது வளைவுக்கு அடியில் ஒரு மண்குழாய் பதித்திருந்தார். மற்றவர்களுடைய முறையிலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். அதைப் பதித்த கைதான் பலகையிலும் வேலை செய்தது. பிள்ளைக்குச் செய்து கொடுக்கும் சந்தோசத்தில் எதை விடவேண்டும் என்பதை அந்தக் கை மறந்துவிட்டது. இது எனக்கு விளங்க எட்டு வருடம் சென்றது. உம்மாவுக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். மாமா அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வந்தபோது, அவருடைய கோப்பையில் உம்மா மூன்று முறை இறைச்சி வைத்தார்.

ஒரு மாதம் கழித்து மாமா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றித் தன் வயலுக்குக் கூட்டிப் போனார். அந்த மாதம் முழுவதும் ஒரு துளி மழை இல்லை. கச்சான் இன்னும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வயல் பச்சையாக நின்றது. வரம்பு முட்டத் தண்ணீர்.

"மழையும் இல்லயே மாமா, இவ்வளவு தண்ணி எங்கால வந்த?" என்று கேட்டேன்.

மாமா என் தலையைத் தடவி, "ரெண்டாம் பரிசு எடுத்தாய்தானே, அதுக்கு வந்த தண்ணி" என்றார்.

எனக்கு வந்த சந்தோசத்தில் அந்த வரம்பில் இரண்டு தரம் முழுச் சுற்று ஓடினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பதினொரு பேரைக் கூப்பிட்டு, பரிசு எடுத்தால் வயலுக்குத் தண்ணீர் வரும் என்று சொன்னேன். ஒன்பது பேர் நம்பினார்கள்.